பழைய மாருதி 800-இல் போனைக் கையில் எடுக்காமல் பேச: சில வருட அனுபவம்

என் வண்டி கேசட் பிளேயரோடு வந்த மாருதி 800. நீடாமங்கலம், மன்னார்குடி, திருவாரூர் எல்லாம் அதில்தான் போய்வருகிறேன். கதிர் அறுக்கும் மிஷினை வயலுக்கு அனுப்பிவைக்கிற வேலை. தை, மாசியில் போன் ஓயாது. மிஷின் எங்கே வருகிறது என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வந்த அபராதப் பட்டியலில் முதல் தடவைக்கு 1,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 10,000.

முதலில் வாங்கியது சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். போனில் வரும் குரலை, காலியாக இருக்கிற ஓர் எஃப்எம் எண்ணில் வண்டி ரேடியோவுக்கு அனுப்பும். விலை குறைவு, வயரைத் தொட வேண்டியதில்லை. ஆனால் டெல்டாவுக்கு அது சரிப்படாது. திருச்சி பக்கம் 102.1-இல் ரெயின்போ எஃப்எம், கிழக்கே போகப் போகக் காரைக்கால் எஃப்எம் 100.3-இல். மறைக்க மலையோ மேடோ இல்லாத சமவெளி. அலைவரிசை வெகுதூரம் வரும். ஓர் ஊரில் காலியாக இருந்த எண்ணில் அடுத்த ஊரில் பாட்டு கேட்கும். ஓட்டிக்கொண்டே எண்ணை மாற்றுவது போனை எடுப்பதைவிட மோசம்.

அப்புறம் கேசட் பிளேயரைக் கழற்றிவிட்டு, ப்ளூடூத் உள்ள சிங்கிள் டின் (பழைய கேசட் பிளேயர் அளவே உள்ள) ஸ்டீரியோ போட்டேன். பழைய துளையிலேயே உட்கார்ந்துகொண்டது. வயரிங்கில் ஒன்றைக் கவனியுங்கள்: மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும், சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டும். மஞ்சளையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் நேரமும் ஸ்டேஷன்களும் அழிந்துபோகும்.

உண்மையில் எல்லாம் மைக்கில்தான் இருக்கிறது. ஸ்டீரியோவின் முகப்பிலேயே மைக் இருக்கிற மாடல் 800-க்கு ஆகாது. எஞ்சின் இரைச்சலும் திறந்த ஜன்னல் காற்றும் சேர்ந்து, எதிர்முனையில் ஒன்றும் புரியாது. தனி மைக் செருகும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். வயரை ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடித் தூண் ஓரமாக ஏற்றி, வெயில் மறைப்புப் பலகைக்கு மேலே, வாய்க்கு நேராக மைக்கைப் பொருத்தினார் எலக்ட்ரீசியன். அன்றிலிருந்து "என்ன, கேக்கலண்ணே" என்ற பேச்சே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் நீளப் பேச்சு வந்தால் ஓரங்கட்டிவிடுகிறேன். அறுவடை நாட்களில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, சாக்கை இழுத்துக்கொண்டு பெண்கள் குறுக்கே வருகிறார்கள். கை சும்மா இருந்தாலும் பேச்சில் போன கவனம் போனதுதான். "ஓட்டிக்கிட்டிருக்கேன், வந்து பேசுறேன்" என்று சொல்ல மட்டும்தான் எனக்கு இது வேண்டும்.

சில வருடங்களில் பழுதானது மைக் ஒன்றுதான், அதுவும் தூசியால். தனியாகவே கிடைக்கிறது. மைக் வயரின் செருகும் முனை 2.5, 3.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் வருவதால், கடைக்குப் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள்.