சிமுலேஷன் பயிற்சி வகுப்பு: டீப்ரீஃபிங்குக்காகவே போகலாம்

எங்கள் ஹவுஸ் சர்ஜன்களை ஒருநாள் சிமுலேஷன் வகுப்புக்கு, அதாவது நிஜ நோயாளி இல்லாமல் சிகிச்சையைச் செய்து பழகும் வகுப்புக்கு, அழைத்துப் போயிருந்தேன். கருவிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பழகும் பொம்மையின் மார்பு 5 முதல் 6 செ.மீ. வரை அமுங்குகிறதா, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம் வருகிறதா, ஒவ்வொரு முறையும் மார்பை முழுசாக எழும்ப விடுகிறார்களா என்பதெல்லாம் உடனுக்குடன் திரையில் தெரிகிறது. ஆனால் கொடுத்த கட்டணம் தகும் என்று எனக்குப் பட்டது, ஒவ்வொரு கேஸும் முடிந்தபின், என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று உட்கார்ந்து பேசும் டீப்ரீஃபிங்கைப் பார்த்துத்தான்.

ஒரு கேஸ். ஆன்டிபயாடிக் ஊசி போட்டதும் நோயாளிக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, பிபி இறங்குகிறது. அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை) என்று டீம் லீடராக இருந்த மாணவி சட்டென்று பிடித்துவிட்டார். "அட்ரினலின் ஒரு மில்லி போடுங்க" என்றார். எங்கே போடுவது என்று சொல்லவில்லை. மருந்து எடுத்த மாணவர் நேராக ஐவி லைனில், அதாவது ரத்தக்குழாயில், ஏற்றிவிட்டார். மானிட்டரில் துடிப்பு தாறுமாறாகப் போனது. பயிற்றுநர் குறுக்கிடவே இல்லை.

பிறகு எல்லாரையும் உட்காரவைத்து அந்த மாணவரிடம், "சிரிஞ்சை எடுத்தப்போ மனசுல என்ன ஓடுச்சு?" என்று மட்டும் கேட்டார். பையன் கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: வார்டில் அவன் பார்த்த அட்ரினலின் எல்லாம் இதயம் நின்றுபோனவர்களுக்குப் போட்டது. அங்கே 1 மி.கி. ஐவியில்தான் போவது வழக்கம். அனாஃபிலாக்சிஸில் பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடைத் தசையில். அவன் கற்றதில் தப்பில்லை, இடம்தான் மாறிப்போனது. எல்லார் முன்னாலும் திட்டியிருந்தால் இந்தக் காரணம் வெளியே வந்தே இருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே கேஸை உடனே மறுபடி செய்யவைத்தார்கள். இந்தத் தடவை "அட்ரினலின் அரை மில்லிகிராம், தொடைத் தசையில்" என்று மாணவி அவன் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவனும் மருந்து, அளவு, இடம் மூன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போட்டான்.

மதியத்துக்கு மேல் தரம் இறங்கியது. குழுக்களைச் சேர்த்துவிட்டதால் பாதிப் பேர் சும்மா நின்றார்கள். டீப்ரீஃபிங்கையும் அவசரமாக முடித்தார்கள். இன்னொன்று, பதிவான வீடியோவை இன்டர்னல் மார்க்குக்குப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மார்க் என்று தெரிந்தால் எந்த மாணவரும் மனதில் ஓடியதைச் சொல்ல மாட்டார்.

வகுப்புக்குப் பதிவு செய்யுமுன் டீப்ரீஃபிங்குக்கு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். கேஸ் நேரத்தைவிடக் குறைவு என்றால் வேறு இடம் பாருங்கள்.