கிளப் பெயர் போட்ட ஃபுட்பால் அகாடமி, குன்னூர் பக்கம்: கட்டுகிற பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று. கோச்சுக்கு மட்டும் என்றால் தாராளமாக நாலரை போடுவேன். ஆபீஸில் உட்கார்ந்து ஃபீஸ் வாங்குகிறவர்களுக்கும் அவர்கள் அடித்துக் கொடுக்கிற நோட்டீஸுக்கும் ஒன்றரையே ஜாஸ்தி. பெயரை எழுதப் போவதில்லை. மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதுவும் போக இதே வியாபாரம் கீழே கோவையிலும் சென்னையிலும் வேறு வேறு ஜெர்சி நிறத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு பெரிய கிளப், டிவியில் பார்த்திருப்பீர்கள், அதன் பெயர் பெரிதாக, அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'உரிமம் பெற்ற பயிற்சி மையம்'. என் மகனுக்குப் பத்து வயது. சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு கிளாஸ்.

சேரும்போது 3,000, மாதம் 2,200, அதற்கு மேல் கிட் 4,500. கிட் கட்டாயம். இரண்டு ஜெர்சி, ஷார்ட்ஸ், சாக்ஸ், ஒரு டிராக் சூட். அந்த டிராக் சூட் துணி நம் ஊர்க் குளிருக்கு எந்த மூலைக்கு? மார்கழி, தை மாதம் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற நேரத்தில் பிள்ளைகள் எல்லாம் வீட்டு ஸ்வெட்டரை மேலே இழுத்துவிட்டு, அதற்கும் மேல் பிப்பை, டீம் பிரிக்கப் போடுகிற அந்தக் கையில்லாத மேல்சட்டையை, மாட்டிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். 4,500 ரூபாய் சின்னம் ஸ்வெட்டருக்குள்ளே இருக்கிறது.

சேர்ப்பதற்கு முன் 'ட்ரையல்ஸ்' என்று ஒன்று வைத்தார்கள், அதற்குத் தனியாக 500. வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் செலக்‌ஷன். எனக்கு அங்கேயே லேசாக உறுத்தியது. பத்து வயசுப் பிள்ளையை 'நீ வேண்டாம்' என்று திருப்பி அனுப்பாமல் இருப்பது நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எல்லோரையும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதற்கு எதற்கு ட்ரையல்ஸ், எதற்கு 500?

நோட்டீஸில் இருப்பது இது: 'கிளப்பின் யூத் சிஸ்டத்தில் உங்கள் குழந்தை.' இந்த ஒரு வரிக்குத்தான் நம்மைப் போன்றவர்கள் பணம் கட்டுகிறோம், அதனால் யூத் சிஸ்டம் என்றால் நிஜத்தில் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் 2012லிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. அகாடமிகளை நான்கு தரமாகப் பிரித்திருக்கிறார்கள், கோச்சிங் நேரம், கோச்சுகளின் தகுதி, மைதானம், படிப்புக்கு என்ன வழி என்று எல்லாவற்றையும் ஆடிட் செய்துதான் தரம் கொடுக்கிறார்கள். ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்து பிள்ளையைக் கிளப்பில் பதிவு செய்கிறார்கள். அங்கே அகாடமியில் எடுத்துக்கொண்ட பிள்ளையிடம் ஃபீஸ் வாங்குவதில்லை, செலவு கிளப்புடையது. பார்சிலோனாவின் லா மாசியா, 1702இல் கட்டிய பழைய பண்ணை வீடு, அதை 1979இல் பையன்கள் தங்குகிற இடமாக்கினார்கள். 2010இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்குக் கடைசிச் சுற்றில் நின்ற மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி மூன்று பேரும் அங்கே வளர்ந்தவர்கள்.

கிளப்புகள் இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. ஃபிஃபா விதிப்படி 12 வயதிலிருந்து ஒரு பையனைப் பதிவு செய்து பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்கு அவன் முதல் ப்ரொஃபஷனல் ஒப்பந்தம் போடும்போது பயிற்சி ஈட்டுத்தொகை உண்டு. அப்புறம் ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போதே அவனை இன்னொரு கிளப் விலைக்கு வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை 12 முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிறு வயதில் ஓடவிட்ட ஊர்க் கிளப்புக்குக்கூட பங்கு வரும். அதாவது நிஜ அகாடமிக்குப் பையன் ஜெயித்தால்தான் லாபம். நம் மலை அகாடமிக்குப் பையன் ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான், நான் மாதம் 2,200 கட்டிக்கொண்டிருந்தால் போதும். ட்ரையல்ஸில் எல்லோரும் பாஸானது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஆபீஸில் ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன், "அகில இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனின் சிஆர்எஸ்ஸில் பசங்களைப் பதிவு பண்ணுவீங்களா?" என்று. சிஆர்எஸ் என்றால் ஆட்டக்காரர்களைப் பதிவு செய்கிற ஆன்லைன் முறை. எதிரே இருந்தவர் "மேடம், அதெல்லாம் பெரிய லெவல்ல" என்றார். சரி, ஃபெடரேஷன் அகாடமிகளுக்கு ஸ்டார் போட்டு அங்கீகாரம் கொடுக்கிறதே, உங்களுக்கு எத்தனை ஸ்டார் என்றேன். நோட்டீஸ் இன்னொன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அந்த நோட்டீஸில் 'சிறந்தவர்களுக்கு ஐரோப்பிய வாய்ப்பு' என்று இன்னொரு வரி உண்டு. விசாரித்தால் அது நம் செலவில் போய் வருகிற ஒரு வார கேம்ப். 18 வயதுக்குக் கீழே வெளிநாட்டுக் கிளப்புக்கு மாறுவதை, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா தடுக்கிறது. மெஸ்ஸி அர்ஜென்டினாவிலிருந்து பார்சிலோனாவுக்குப் போனது 2000இல், 13 வயதில், அடுத்த ஆண்டுதான் இந்த விதி வந்தது. பிற்பாடு சின்னப் பையன்களைச் சேர்த்த விஷயத்தில் அதே பார்சிலோனாவுக்கே தண்டனை விழுந்து, 2015 முழுக்க புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாமல் போனது. குன்னூரிலிருந்து ஒரு பையனை நாளைக்கே கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுவார்கள் என்று யாராவது நினைத்தால், வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை, 'உயர்மலைப் பயிற்சியின் நன்மை' என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். 2007இல் ஃபிஃபா உயரமான ஊர்களில் சர்வதேச மேட்ச் வேண்டாம் என்று ஒரு தடை போட்டுப் பார்த்தது, அதுவே 2,500 மீட்டருக்கு மேலே. குன்னூர் சுமார் 1,850, ஊட்டி 2,240. வாரத்துக்கு இரண்டு காலை ஓடுகிற, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் என்ன தனி நன்மை? அவன் தினமும் ஸ்கூலுக்கு ஏறுகிற படிக்கட்டே போதும்.

இத்தனை திட்டிவிட்டு ஏன் மூன்று என்றால், கோச். கூடலூர் பக்கத்துக்காரர், செவன்ஸ், அதாவது ஏழு பேர் டீம் ஃபுட்பால், ஆடி வந்தவர், கோச்சுகளுக்கான ஆரம்பச் சான்றிதழான டி லைசென்ஸ் முடித்திருக்கிறார். வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவராகக் கோன் சுற்றி ஓடச் சொல்கிற வேலை அவரிடம் இல்லை. வந்ததும் ரொண்டோ: நாலு பேர் வட்டமாக நின்று பாஸ் கொடுக்க, நடுவில் ஒருத்தன் பந்தைப் பறிக்கப் பார்க்க வேண்டும். ஒருத்தன்கூட சும்மா நிற்க முடியாது. அவர் பார்ப்பதெல்லாம் ஒன்றுதான்: பந்து வருவதற்கு முன்னால் பையன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தானா? "தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி பாரு, வாங்கின அப்புறம் பார்த்து என்ன பிரயோஜனம்" என்று ஒரு காலைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று கணக்கே இல்லை. என் மகன் முதலில் பந்தையே முறைத்துக்கொண்டு நிற்பான். இப்போது பந்து காலுக்கு வருகிற நேரத்தில் உடம்பு பாதி திரும்பியிருக்கிறது, முதல் டச்சே போக வேண்டிய பக்கம் போகிறது. எனக்கு ஃபுட்பால் பெரிதாகத் தெரியாது, ஆனால் இந்த வித்தியாசம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரிகிறது.

மேகம் இறங்கிய ஒரு காலை. எதிர்க் கோல்போஸ்டே தெரியவில்லை, வேறு ஆளாக இருந்தால் விசில் அடித்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இவர் மைதானத்தைப் பாதியாகச் சுருக்கி, வெள்ளைப் பந்தை எடுத்து வைத்துவிட்டு ஆரஞ்சுப் பந்தைப் போட்டார், பேர் சொல்லிக் கூப்பிடாமல் யாரும் பாஸ் கொடுக்கக் கூடாது என்றார். ஒரே கத்தல். வாயே திறக்காத ஒரு சின்னப் பெண், எட்டு வயது இருக்கும், அன்றைக்கு மைதானத்தில் அவள் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

குறை என்றால் மேட்ச் இல்லை. பயிற்சி, பயிற்சி, மறுபடி பயிற்சி. இங்கிலாந்தில் பத்து வயதுப் பிள்ளைகள் ஏழு பேர் கொண்ட டீமாகச் சின்ன மைதானத்தில் சீசன் முழுக்க மற்ற டீம்களோடு ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். நம் ஊரிலும் சின்னப் பிள்ளைகள் லீக்காக ஆடட்டும் என்றுதான் ஃபெடரேஷன் 2018இல் கோல்டன் பேபி லீக் கொண்டுவந்தது. இங்கே வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஃப்ரெண்ட்லி. மலையில் கஷ்டம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. கோவையிலிருந்து ஒரு டீம் வர வேண்டுமென்றால் வேனுக்கு இ-பாஸ், ஐப்பசி மழையில் ரோட்டில் மண் சரிவு, டூரிஸ்ட் சீசனில் டிராஃபிக். ஆனால் கோத்தகிரியிலும் ஊட்டியிலும் பிள்ளைகள் ஆடிக்கொண்டுதானே இருக்கிறார்கள், ஹட்டிக்கு ஹட்டி, அதாவது படகர் ஊருக்கு ஊர், மைதானம் இருக்கிறது, எஸ்டேட் லைன் பிள்ளைகள் சாயங்காலம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் நம்முடையவர்கள் மூச்சு வாங்குவார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஆடவைக்க ஆபீஸுக்கு மனசில்லை, 'பிராண்ட்' குறைந்துவிடுமாம். கோச் அவராகவே ஒரு ஞாயிறு பக்கத்து எஸ்டேட் பிள்ளைகளோடு ஏற்பாடு செய்தார். ஆறு கோல் வாங்கினோம். என் மகன் அதற்குப் பிறகுதான் வீட்டிலும் பந்தைத் தொட ஆரம்பித்தான்.

அந்த எஸ்டேட் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேரை எந்த நிஜ கிளப்பும் கையோடு கூட்டிப் போயிருக்கும். அவர்களுக்கு 2,200 ஏது? உங்கள் பிள்ளை நிஜமாகவே நன்றாக ஆடுகிறான், இதையே வாழ்க்கையாக எடுக்கப் போகிறான் என்றால் சாலை வேறு பக்கம் போகிறது: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள், அங்கே தங்குவதும் சாப்பாடும் கோச்சிங்கும் அரசு செலவு, மாவட்டத்திலேயே தேர்வு வைப்பார்கள். வெளியே என்றால் ஜாம்ஷெட்பூரில் 1987லிருந்து நடக்கிற டாடா ஃபுட்பால் அகாடமி மாதிரி, தேர்வானால் தங்கிப் படித்து ஆடுகிற இடங்கள் இருக்கின்றன.

வாரக் கடைசியில் பிள்ளை போனை விட்டு வெளியே வரட்டும், நல்ல ஆளிடம் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைப்பவர்கள் சேர்க்கலாம். நான் அடுத்த டெர்முக்குக் கட்டுகிறேன், அதே கோச் இருந்தால் மட்டும். அவருக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தெரியாது, கீழே வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் மைதானம் (டர்ஃப்) வைத்திருக்கிற ஒருவர் கூப்பிடுகிறார் என்று பேச்சு அடிபடுகிறது. மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், விழாதீர்கள், மழை மாதத்தில் பாதி கிளாஸ் ரத்தாகும், பணம் திரும்பாது. முதல் நாளே ஒரு ட்ரையல் கிளாஸ் கேளுங்கள், கொடுக்கிறார்கள். ஷூ அவர்களிடம் வாங்க வேண்டாம், அடியில் மெட்டல் ஸ்டட் (குமிழ்) வைத்தது வேண்டவே வேண்டாம், ரப்பர் ஸ்டட் போதும். மைதானத்தின் மேல் மூலையில் எப்போதும் சேறு. மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும், டாய்லெட் வசதி கிடையாது, வீட்டிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள்.