ஆஃப்லைன் கோப்புகளைச் சரிசெய்ய ஆள் வருவதற்கு முன் இதைப் படியுங்கள்

கோயம்புத்தூரில் 9 பேர் வேலை செய்யும் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகம் எங்களுடையது. எங்கள் கணினிகளைப் பராமரிக்கும் நிறுவனம் செய்த ஒரு காரியத்தால், 11 வேலை நாள்களில் வரைந்த டிராயிங்குகளில் பெரும்பகுதியை இழந்துவிட்டோம். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. சர்வரில் (அலுவலகத்தின் பொதுக் கணினியில்) உள்ள கோப்புகளை லேப்டாப்பில் ஆஃப்லைனாக, அதாவது இணைப்பு இல்லாதபோதும் திறக்கும்படி, வைத்து வேலை செய்யும் எந்த அலுவலகத்துக்கும் இது நேரலாம் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் டிராயிங்குகள் அனைத்தும் சர்வரில், பி டிரைவில் இருக்கின்றன. சைட்டில் சரியான இணைப்பு கிடைக்காது என்பதால், சென்ற ஆண்டு 4 லேப்டாப்புகளில் அந்த டிரைவை ‘ஆல்வேஸ் அவைலபிள் ஆஃப்லைன்’ என்று அமைத்துக் கொடுத்தார்கள். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கும் வசதிதான். சர்வரில் உள்ளவற்றின் நகல், லேப்டாப்பின் சி டிரைவில், விண்டோஸ் கோப்புறைக்குள் சிஎஸ்சி என்ற இடத்தில் மறைவாகச் சேமிக்கப்படும். சர்வர் எட்டாத இடத்திலும் அதே பி டிரைவ், அதே பெயர்கள் கண்ணுக்குத் தெரியும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. திறந்திருப்பது சர்வரில் உள்ள டிராயிங்கா, லேப்டாப்பில் உள்ள நகலா என்று பார்த்தவுடன் தெரியாது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் அடியில் சிறிய எழுத்தில் ‘ஆஃப்லைன்’ என்று வருவதைத்தான் கவனிக்க வேண்டும். இதை அவர்கள் எங்களுக்கு ஒருமுறைகூடச் சொல்லித் தரவில்லை.

பொள்ளாச்சி அருகே ஒரு வீட்டு வேலை. எங்கள் இளம் பெண் வடிவமைப்பாளர் சைட்டில் லேப்டாப்பைத் திறந்தபோது, சர்வரைத் தேடித் தேடி எக்ஸ்ப்ளோரர் உறைந்து நின்றது. பராமரிப்பு நிறுவனத்துக்குப் போன் செய்தார். “வொர்க் ஆஃப்லைன் பொத்தானை அழுத்துங்கள்” என்றார்கள். அழுத்தினார், வேலை நடந்தது. அலுவலகம் திரும்பியதும் அதே பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாமே ஆஃப்லைனுக்கு மாற்றினால் அது தானாக ஆன்லைனுக்குத் திரும்பாது. தனி அமைப்பு எதுவும் செய்யாதவரை லேப்டாப்பையும் சர்வரையும் ஒன்றுபோலாக்கும் ஒத்திசைவும் பின்னணியில் நடக்காது. அன்று முதல் அவர் அலுவலக மேசையில் உட்கார்ந்து சேமித்த ஒவ்வொரு கோப்பும் அந்த லேப்டாப்போடு நின்றுவிட்டது.

வழக்கமாக ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒருவர் டிராயிங்கைத் திறந்தால், அதன் பக்கத்திலேயே டிடபிள்யூஎல் என்ற பூட்டுக் கோப்பு உருவாகும். அதே டிராயிங்கை இன்னொருவர் திறக்கும்போது, யார் திறந்து வைத்திருக்கிறார் என்று அதைக் கொண்டு தெரிந்துவிடும். எங்கள் இளம் வடிவமைப்பாளரின் பூட்டுக் கோப்புகளும் லேப்டாப்பிலேயே தங்கிவிட்டதால் எங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. படிக்கட்டு டிராயிங்கை அவர் ஒருபக்கம் மாற்ற, இன்னொருவர் சர்வரில் இருந்த பழையதைத் திறந்து வேறு திருத்தம் செய்து சைட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கான்ட்ராக்டர் போன் செய்தார். “மேடம், சென்ட்ரிங் அடித்துவிட்டோம். நேற்று வந்த டிராயிங்கில் 18 படி இருக்கிறது. போன வாரம் அந்தப் பெண் கொடுத்த பிரிண்டில் 20 படி. எதை வைத்துக்கொள்வது?” தளத்துக்குத் தளம் 3,000 மி.மீ. உயரம். 20 படி என்றால் ஒரு படி 150 மி.மீ., 18 என்றால் ஏறக்குறைய 167. வீட்டுக்காரரின் அம்மாவுக்கு மூட்டு வலி. அதற்காகத்தான் 20 ஆக்கியிருந்தோம். கான்கிரீட் போடும் முன்பே கான்ட்ராக்டர் கேட்டதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அப்போதுதான் லேப்டாப்பின் நிலை புரிந்தது. எதையும் தொடாதே என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, பராமரிப்பு நிறுவனத்தை அழைத்தேன். மறுநாள் காலை ஒருவர் வந்தார். ஆன்லைனுக்கு மாற்றினார். சில கோப்புகள் சர்வருக்குப் போனதும் ஒத்திசைவு நடுவில் நின்றது. ஒத்திசைவின் நிலையைக் காட்டும் சிங்க் சென்டரில் வரிசையாகச் சிவப்புக் குறிகள். “இந்த லேப்டாப்பில் 11 நாள் வேலை இருக்கிறது, முதலில் நகல் எடுங்கள்” என்று அவர் பக்கத்தில் நின்று சொன்னேன். தலையசைத்தார். நான் ஒரு போனைப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. திரையை என் பக்கம் திருப்பி, “பாருங்கள் மேடம், எரர் எல்லாம் போய்விட்டது” என்றார். அந்தப் பெண் படிக்கட்டு டிராயிங்கைத் திறந்தார். 18 படி.

அவர் செய்தது இதுதான்: விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஃபார்மேட் டேட்டாபேஸ் என்ற மதிப்பை 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்திருக்கிறார். அது ஆஃப்லைன் சேமிப்பை அடியோடு அழித்துவிட்டு வெற்றாகத் தொடங்கும் வழி. சர்வருக்குப் போகாத மாற்றங்களும் அதோடு அழிந்துவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரிந்தே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது எனக்கு இப்போது முக்கியமில்லை. நகல் எடுங்கள் என்று சொன்ன பிறகு செய்தார் என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“சர்வர் பேக்கப் தினமும் ஓடுகிறதே” என்றது நிறுவனம். சர்வருக்கு வந்தே சேராத கோப்பு பேக்கப்பில் எப்படி இருக்கும்? பிறகு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். தரவு இழப்புக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருக்கிறது. வந்துபோனதற்கு 1,500 ரூபாய் பில்லும் அனுப்பினார்கள். நான் கட்டவில்லை.

லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வகைச் சேமிப்பு. அழிந்த இடத்தை அதுவே சுத்தம் செய்துவிடுவதால் மீட்பு மென்பொருளால் எதுவும் கிடைக்கவில்லை. கான்ட்ராக்டருக்கு அனுப்பிய பிடிஎஃப்கள், ஸ்ட்ரக்சரல் இன்ஜினியருக்கு மின்னஞ்சலில் போன 3 டிராயிங்குகள், சைட்டில் மண் படிந்து கிடந்த பிரிண்டுகள் ஆகியவற்றை வைத்துத்தான் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறோம்.

உங்கள் அலுவலகத்திலும் இந்த அமைப்பு இருந்தால், ஒத்திசைவில் சிக்கல் என்று தெரிந்தவுடன் லேப்டாப் ஆஃப்லைனில் இருக்கும்போதே பி டிரைவ் போன்ற அந்த டிரைவைத் திறந்து, வேலை செய்த கோப்புறையை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அப்போது நகலாவது லேப்டாப்பில் உள்ள பிரதிதான். சிஎஸ்சி கோப்புறைக்குள் நுழையப் போராட வேண்டாம். அட்மினுக்குக்கூட அது எளிதில் திறக்காது. சிங்க் சென்டரில் முரண்பாடு என்று வந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொள்ளும் வழி அங்கேயே இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் நகல் இருப்பதைத் திறந்து பார்த்த பிறகே வெளியாள் லேப்டாப்பைத் தொடட்டும். லேப்டாப்பை ஃபார்மேட் செய்யக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்.

நாங்கள் 4 லேப்டாப்புகளிலும் அந்த வசதியை நிறுத்திவிட்டோம். சைட்டுக்கு எடுத்துப்போகும் டிராயிங்கின் எண்ணும் எடுத்தவர் பெயரும் வாசலருகே வெள்ளைப் பலகையில் எழுதப்படுகின்றன. அந்தப் பெண் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வரைந்தார். பூஜை அறைக் கதவு நிலையின் அளவு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரரின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, லேப்டாப்பிலேயே வரைந்தது அது. வரும் வியாழக்கிழமை மறுபடி அவரிடம் போய்க் கேட்க வேண்டும்.