பிப், எஸ்டெல்லா: எந்த முடிவு சரி?

சீட்டாட்டத்தில் ஒரு சீட்டை மேல்தட்டுக்காரர்கள்போல 'நேவ்' என்று சொல்லாமல் 'ஜாக்' என்று சொன்னதற்கே பிப்பைக் கேலி செய்தவள் எஸ்டெல்லா. முற்றத்துக் கல்லில் பீர்க் குவளையை வைத்துவிட்டு, முகம்கூடப் பாராமல், நாய்க்குப் போடுவதுபோல ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தவள். அவள்மேல்தான் அந்தப் பையனுக்குத் தீராத காதல்! 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் இந்தக் காதலுக்கு டிக்கன்ஸ் இரண்டு முடிவுகள் எழுதினார்.

அச்சில் வந்தது, 1861-இல் நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் சொல்லி மாற்றியது. எஸ்டெல்லா வளர்ந்த, இடிந்துபோன சாட்டிஸ் மாளிகைத் தோட்டம், மாலைப் பனி, கைகோத்து வெளியேறும் இருவர். அழகுதான், கொஞ்சம் சினிமாத்தனம்.

முதலில் எழுதியது வேறு. லண்டன் பிக்காடிலி தெருவில் தன்னை வளர்த்த அக்கா கணவர் ஜோவின் குட்டி மகனோடு நடந்துபோகிறான் பிப். வண்டியில் எஸ்டெல்லா. கொடுமைப்படுத்திய கணவன் இறந்து, ஒரு மருத்துவரை மறுமணம் செய்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கச் சொல்லி முத்தமிடுகிறாள், அது பிப்பின் பிள்ளை என்று நினைத்து. பிப் மறுத்ததாக ஒரு வரிகூட இல்லை. அந்த மௌனத்துக்காகவே என் ஓட்டு இதற்கு. டிக்கன்ஸ் இறந்தபின், 1874-இல்தான் அவருடைய நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாறு வழியாக இது வெளியே தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அச்சான முடிவில், இனிப் பிரிவின் நிழலே தெரியவில்லை என்கிறான் பிப். எஸ்டெல்லா விஷயத்தில் அவன் கண்ணுக்கு எது சரியாகத் தெரிந்திருக்கிறது?