‘ரிசர்வ்ட்’ என்பதா, ‘அலூஃப்’ என்பதா? ஒட்டாத மனிதர்களுக்கான ஆங்கிலச் சொற்கள்

அதிகம் பேசாத, உணர்ச்சியை வெளிக்காட்டாத, எதிலும் முறை தவறாத மனிதரைக் குறிக்க ஆங்கிலத்தில் ஏராளமான சொற்கள் உண்டு. அகராதிகள் இவற்றை ஒரே வரியில் அடுக்கிவிடுவதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் இவற்றுள் சில சொற்கள் அந்த மனிதரின் இயல்பைச் சொல்பவை. வேறு சில, அவர்மீது சொல்பவருக்கு உள்ள மனக்குறையையும் சேர்த்துச் சொல்பவை.

மிகுதியாகக் குழப்பம் தரும் இணை ‘ரிசர்வ்ட்’, ‘அலூஃப்’ ஆகியவையே. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பிறர் சிரிக்கும்போது லேசாகப் புன்னகைத்துவிட்டு மீண்டும் தம் கோப்பைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை ‘ரிசர்வ்ட்’ என்பவர், அவருக்குள் சொல்ல நிறைய இருக்கிறது, இப்போதைக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று கருதுகிறார். எடுத்து வைத்தல், இருப்பில் வைத்தல் என்ற லத்தீன் வேர்ப்பொருள் இச்சொல்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் ‘முதலில் ரிசர்வ்டாக இருந்தார், போகப்போக நன்றாகப் பழகினார்’ என்ற வாக்கியம் இயல்பாக அமைகிறது. அதே மனிதரை ‘அலூஃப்’ என்பவரோ, அவர் நம்மோடு சேர விரும்பவில்லை, சற்று மேலே நின்று நம்மைப் பார்க்கிறார் என்கிறார். இது கப்பலோட்டிகளிடமிருந்து வந்த சொல். காற்று கரைப்பக்கம் தள்ளிவிடாதபடி கப்பலின் முகப்பைக் காற்றை நோக்கித் திருப்பி, கரையிலிருந்து விலகியே செலுத்துவதை அது குறித்தது. விலகல் தற்செயலானதன்று, வேண்டுமென்றே செய்யப்படுவது என்ற குறிப்பு அங்கிருந்தே தொடர்கிறது. ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும்: ஒருவர் சண்டையிலிருந்தோ கட்சி அரசியலிலிருந்தோ ‘அலூஃப்’பாக இருந்தார் என்றால் அதில் பழி இல்லை, பாராட்டாகவும் இருக்கலாம். மனிதர்களிடமிருந்து விலகினால்தான் அது குறையாகிறது. ‘ஸ்டாண்டாஃபிஷ்’ என்பது இதே குற்றச்சாட்டின் பேச்சுவழக்கு வடிவம். ‘டிஸ்டன்ட்’ என்பது பெரும்பாலும் முன்பு நெருக்கமாக இருந்து இப்போது மாறிவிட்டவருக்குப் பொருந்தும். ‘கோல்டு’ (cold) என்று சொல்லிவிட்டாலோ நெஞ்சிலேயே ஈரமில்லை என்று தீர்ப்பு எழுதியாயிற்று. அதற்குமேல் அவருக்காக வாதாட இடமில்லை.

பேச்சுக் குறைவை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘ரெட்டிசென்ட்’, ‘டாசிடர்ன்’, ‘லகானிக்’ என்று மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. முதலிரண்டும் ‘மௌனமாயிரு’ என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை; ஆனால் வேலை வேறு. எல்லாவற்றையும் கலகலப்பாகப் பேசிவிட்டு, தம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய்மூடிக்கொள்பவர் அந்த விஷயத்தில் ‘ரெட்டிசென்ட்’. எதைக் கேட்டாலும் ஓரிரு சொல்லில் முடித்துக்கொள்வதே சுபாவமானால் ‘டாசிடர்ன்’. இதில் கொஞ்சம் கடுகடுப்பும் தொனிக்கும். 1923 முதல் 1929 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த கால்வின் கூலிட்ஜுக்கு ‘சைலன்ட் கேல்’ என்ற பட்டப்பெயர் உண்டு, ‘டாசிடர்ன்’ என்ற சொல்லும் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் செய்தியாளர்களைத் தவறாமல் சந்தித்துப் பேசியவர் என்பதை நினைத்தால், இச்சொல் மேடைப் பேச்சை அளப்பதன்று, விருந்து மேசையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நடக்கும் பேச்சை அளப்பது என்று தெரியும். ‘லகானிக்’ மட்டும் பெருமைக்குரிய சொல். பண்டைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டா இருந்த லகோனியா நிலப்பகுதியின் பெயரால் வந்தது. ‘நான் லகோனியாவுக்குள் நுழைந்தால் தரைமட்டமாக்குவேன்’ என்று மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் மிரட்டியபோது, ‘நுழைந்தால்’ என்று மட்டும் பதில் போயிற்று என்றொரு பழங்கதை உண்டு. சொல் சுருங்க வேண்டும், அதில் சுருக்கென்று தைக்கும் கூர்மையும் வேண்டும், அப்போதுதான் ‘லகானிக்’. இக்காலத்தில் ‘தயங்குகிற’ என்ற பொருளிலும் ‘ரெட்டிசென்ட்’ வழங்குகிறது. அதை ஏற்காத வாசகர்கள் இன்னும் பலர் இருப்பதால், கவனமாக எழுதுபவர் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

உணர்ச்சியை அடக்குவதற்கு வந்தால் சூழ்நிலைதான் சொல்லைத் தீர்மானிக்கிறது. தந்தை இறந்த வீட்டில் மூத்த மகன் கண்ணீர் விடாமல், வருபவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, ஆகவேண்டியதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். துயரம் உள்ளே இருக்கிறது, தாங்கிக்கொள்கிறார் என்று நாம் அறிந்திருந்தால் அவர் ‘ஸ்டோயிக்’. ஏறத்தாழ கி.மு. 300இல் ஏதென்ஸின் ஓவியத் தூண் மண்டபத்தில் (‘ஸ்டோவா’) தத்துவஞானி ஜீனோ கற்பித்த தத்துவத்தின் பெயர் இது. தாங்குவதற்கு ஒரு துன்பம் இல்லாத இடத்தில் இதைப் போடுவது பொருந்தாது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் முகத்தை மட்டும் வர்ணித்தால் ‘இம்பாசிவ்’. எதற்கும் பதறாத பிறவிக் குணம் என்றால் ‘ஃப்ளெக்மாட்டிக்’. கபம் மிகுந்த உடல் மந்தமானது என்ற பழைய மருத்துவக் கொள்கையின் எச்சம். இவற்றோடு ஒப்பிட்டால் ‘அன்டெமான்ஸ்ட்ரேட்டிவ்’ நீளமான, அழகில்லாத சொல்தான். ஆயினும் அன்பு நிறைந்திருந்தும் கட்டியணைத்துக் காட்டத் தெரியாத பெற்றோரைச் சொல்ல, பழி சுமத்தாத அந்தச் சொல்லையே நான் தேர்ந்தெடுப்பேன்.

முறைமையைக் குறிக்கும் சொற்களில் ‘ஃபார்மல்’ ஒன்றே நடுநிலையானது. உடலும் பேச்சும் விறைத்திருந்தால் ‘ஸ்டிஃப்’, பழமையும் படாடோபமும் சேர்ந்தால் ‘ஸ்டஃபி’, உள்ளுக்குள் பதற்றம் இருந்தால் ‘அப்டைட்’. மிகையான அடக்கவொடுக்கத்தைக் குறிக்கும் ‘ப்ரிம்’ பெண்களைப் பற்றியே அதிகம் சொல்லப்பட்டு வந்தது. கேலி கலந்த அச்சொல்லை இன்று எழுதத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஒழுக்க விஷயத்தில் கண்டிப்பானவருக்கு ‘ஸ்ட்ரெயிட்-லேஸ்ட்’. அதன் முதற்பகுதி நேர்க்கோட்டைச் சொல்லும் ‘straight’ அன்று, இறுக்கமான என்ற பொருளுள்ள ‘strait’; முழுச்சொல்லும் உள்ளாடை நாடாவை இறுக்கிக் கட்டியதைச் சொல்வது. ஒலி ஒன்றே என்பதால் எழுத்துப்பிழை அதிகம் நேர்கிறது.

பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் குறுகியது. ‘அலூஃப்’ அங்கே வேலையைக் கெடுத்துவிடும். ‘ரிசர்வ்ட்’ கூடத் தனியே நின்றால், குழுவோடு ஒத்துப்போவாரா என்ற சந்தேகத்தைப் படிப்பவரிடம் எழுப்பக்கூடும். ‘கூட்டங்களில் குறைவாகப் பேசுவார், பேசினால் மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள்’ என்பதுபோல நடத்தையையே எழுதிவிட்டால், அந்தச் சொல்லுக்கு அங்கே தேவையே இராது.