இரைப்பைப் புற்று: லேப்ரோஸ்கோப்பியா, ரோபோட்டா?

இரைப்பைப் புற்றுக்குச் சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை இரண்டு வகை: மருத்துவர் நீண்ட கருவிகளைக் கையில் பிடித்தே செய்யும் லேப்ரோஸ்கோப்பி, இயந்திரக் கைகளை இயக்கிச் செய்யும் ரோபோட் அறுவை. வெளித் தழும்பைப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டிலும் வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைத்து, ஐந்தாறு சிறு துளைகள் போடுகிறார்கள். வெட்டிய இரைப்பையை, ஒரு துளையைச் சற்றே பெரிதாக்கி வெளியே எடுக்கிறார்கள். ரோபோட் தானாக எதையும் வெட்டாது. கன்சோல் என்ற இயக்குமேசையில் அமர்ந்திருக்கும் மருத்துவரின் விரலசைவுதான் உள்ளே போகிறது.

வித்தியாசம் கணையத்தின் மேல் விளிம்பில்தான் தெரியும். கட்டியை எடுப்பது பாதி வேலை. நிணநீர் முடிச்சுகளைச் சுத்தமாக எடுப்பது மீதி வேலை. டி2 என்ற முறையில் கல்லீரல் தமனி, மண்ணீரல் தமனி, இடது இரைப்பைத் தமனியின் அடிப்பகுதி ஆகியவற்றைச் சுற்றியுள்ள முடிச்சுகளையும் எடுக்க வேண்டும். எல்லாமே கணையத்தை ஒட்டியவை. லேப்ரோஸ்கோப்பிக் கருவி நேரான கம்பி. துளையே அதன் அச்சு என்பதால், கை வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் போகும். கணையத்தின் பின்னால் இறங்கும் முடிச்சுகளை எட்ட, உதவியாளர் கணையத்தைக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தத்திலோ, அதிர்வால் வெட்டும் அல்ட்ராசோனிக் கத்தியின் சூட்டிலோ கணையம் காயப்பட்டால் சாறு கசியும். அறுவைக்குப் பின் மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ வடிகுழாய்த் திரவத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவு, ரத்தத்தின் இயல்பான உச்ச அளவைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால் உஷாராக வேண்டும். காய்ச்சலும் சீழும் வரலாம்; மோசமானால் கசிந்த சாறு தமனிச் சுவரையே அரித்துவிடும்.

ரோபோட் கருவியின் நுனி மணிக்கட்டுபோல மடங்கும். கணையத்தை அழுத்தாமலே அதன் பின்னால் வளைந்து போக முடிகிறது. கேமராவும் மருத்துவரின் கட்டுப்பாட்டிலேயே இருப்பதால் படம் ஆடாது. ஆனால் ரோபோட்டிலும் அல்ட்ராசோனிக் கத்தி மடங்காது. அதனால்தான் பலர் மின்சாரச் சூட்டால் ரத்தக்குழாயை அடைக்கும், மடங்கும் பைபோலார் கருவிக்கு மாறிக்கொள்கிறார்கள். பெரும்பாலான இயந்திரங்களில் தொடு உணர்வும் கிடையாது. நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். பழகாத கையில் நூல் அறுந்துபோகும்.

திடீரென்று ரத்தம் பீறிட்டால் லேப்ரோஸ்கோப்பியில் மருத்துவர் நோயாளியின் பக்கத்திலேயே நிற்கிறார். ரோபோட்டிலோ அவர் சில அடி தள்ளி அமர்ந்திருப்பார். வயிற்றைத் திறக்க வேண்டுமானால் கருவிகளை உருவி, ரோபோட்டின் கைகளைக் கழற்றி நகர்த்திய பிறகுதான் முடியும். அந்த இடைவெளியில் பஞ்சுத்துணியை வைத்து அழுத்திப் பிடிக்கத் தெரிந்த உதவியாளர் இல்லாத அறையில் ரோபோட்டை இயக்கவே கூடாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கொரியாவில் 434 பேரிடம் செய்த ஒப்பீட்டில் சிக்கல்களின் அளவு ஏறக்குறைய ஒன்றே. அறுவை நேரம் ரோபோட்டுக்கு 221 நிமிடம், லேப்ரோஸ்கோப்பிக்கு 178 நிமிடம், செலவும் ரோபோட்டில்தான் அதிகம். 2021-இல் ஜப்பானில் வெளியான, 241 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு முக்கியமாகக் கவனித்தது வயிற்றுக்குள் வரும் தொற்றை. அதில் வித்தியாசம் இல்லை. ஆனால் சிக்கல்களின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் இரண்டாம் படியோ அதற்கு மேலோ இருந்த மொத்தச் சிக்கல்கள் ரோபோட்டில் 8.8 சதவீதம், லேப்ரோஸ்கோப்பியில் 19.7. நம்பிக்கை தரும் எண்தான். என்றாலும் முதன்மைக் கேள்விக்கு வந்த பதில் அதுவல்ல என்பதை மறக்கக்கூடாது. லேப்ரோஸ்கோப்பியின் பலம் வேறு: ஆரம்ப நிலைப் புற்றில் திறந்த அறுவைக்கு அது சளைத்ததல்ல என்பதைக் கொரியாவின் இன்னொரு பெரிய ஆய்வு 5 ஆண்டு உயிர்பிழைப்புக் கணக்கோடு நிறுவியிருக்கிறது: லேப்ரோஸ்கோப்பியில் 94.2 சதவீதம், திறந்த அறுவையில் 93.3.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஆரம்ப நிலைக் கட்டி என்றால் லேப்ரோஸ்கோப்பி தாராளமாகப் போதும். கூடுதல் பணம் கொடுக்கக் காரணம் இல்லை. இரைப்பை முழுவதையும் எடுத்து, உதரவிதானத்தின் அடியில் உணவுக்குழாயைச் சிறுகுடலோடு தைக்க வேண்டியிருந்தால், அல்லது நோயாளியின் உடல் பருமனாக இருந்தால், மடங்கும் நுனி உண்மையிலேயே உதவும். பக்கத்து உறுப்புக்குள் ஊடுருவிய பெரிய கட்டிக்குப் பெரும்பாலும் திறந்த அறுவையே பாதுகாப்பு.

இயந்திரத்தின் பெயரைவிட மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: இந்த முறையில் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், கணையக் கசிவு எத்தனை பேருக்கு, பாதியில் திறந்த அறுவைக்கு மாறியது எத்தனை? அறுவைக்குப் பின் நோயியல் அறிக்கையில் முடிச்சுகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். குறைந்தது 16 இருக்க வேண்டும், 30 இருந்தால் நல்லது. 16-க்குக் கீழே போனால், புற்றின் நிலையை உண்மையைவிடக் குறைவாகக் கணித்துவிட வாய்ப்பு உண்டு. மேற்கொண்டு கீமோ வேண்டுமா என்ற முடிவும் அங்கேயே தடுமாறும்.