மாற்கு யாருக்கு எழுதினார், மத்தேயு யாருக்கு?

எங்கள் வேதபாட வகுப்புக்குப் புதிதாகச் சிலர் வந்திருந்தார்கள். அவர்களோடு எந்தச் சுவிசேஷத்தை முதலில் வாசிப்பது என்று பேச்சு வந்தபோது நான் மாற்குவைத்தான் எடுத்தேன். மலைப்பிரசங்கத்துக்கு மத்தேயுவை விட்டால் வழியில்லை, அது சரி. ஆனால் முதல் வாசகர்கள் யார் என்று பார்த்தால், யூத வழக்கம் தெரியாத மாற்குவின் வாசகர்கள்தான் இவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

மத்தேயு ஆபிரகாம், தாவீது என்று வம்ச அட்டவணையோடு தொடங்குகிறார், தீர்க்கதரிசனம் நிறைவேறியதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் பார்ப்பது வேறு: எழுதுபவர் எந்த இடத்தில் கதையை நிறுத்தி விளக்கம் சொல்கிறார்?

சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிட்ட தகராறு இருவரிடமும் உண்டு. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் நடுவிலே நிறுத்திவிட்டு, யூதர்கள் கை கழுவாமல் சாப்பிடமாட்டார்கள், சந்தையிலிருந்து வந்தால் இன்னது செய்வார்கள், கிண்ணங்களையும் செம்புப் பாத்திரங்களையும் கழுவுவார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார். மத்தேயு 15இல் அதில் ஒரு வரிகூட இல்லை, நேராகத் தகராறுதான். அந்த வழக்கத்திலேயே வளர்ந்தவர்களுக்கு எதற்கு விளக்கம்? ஏழை விதவை போட்ட இரண்டு காசையும் மாற்கு ரோம நாணயக் கணக்கில் சொல்கிறார். அதே கதையைச் சொல்லும் லூக்கா அப்படிச் சொல்வதில்லை. மனைவி கணவனைத் தள்ளிவிடுவதைப் பற்றி மாற்கு 10:12 பேசுகிறது. யூத வழக்கில் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டு, கொடுப்பவன் கணவன், ரோமச் சட்டத்தில் மனைவியும் விலகலாம். மத்தேயு 19 கணவனோடு நிறுத்திக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மாற்கு 15:21. இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீமோனை ‘அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்’ என்கிறார் மாற்கு. மத்தேயுவும் லூக்காவும் அந்தப் பிள்ளைகளின் பெயரை விட்டுவிட்டார்கள். மாற்குவின் முதல் வாசகர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஒரு ரூப்புவுக்கு வாழ்த்துச் சொல்கிறார். இருவரும் ஒருவரே என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

மாற்கு ரோமில் எழுதியதாகப் பழைய மரபு சொல்கிறது, சீரியா என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அவருடைய வாசகர்கள் யூத வழக்கம் பழகாதவர்கள் என்பதுவரைதான் நான் போவேன். சுவிசேஷங்கள் ஒரே ஒரு சபைக்கென்று எழுதப்பட்டவை அல்ல, எல்லாச் சபைகளுக்குமானவை என்று 1998இல் வேதாகம அறிஞர் ரிச்சர்ட் பாக்கம் வாதிட்டார். அது சரியென்றாலும் மாற்குவின் விளக்கங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

லூக்கா தெயோப்பிலு என்பவருக்கு எழுதுவதாகப் பெயர் சொல்லியே தொடங்குகிறார். யோவானில் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. மத்தேயுவை அப்புறம் எடுக்கலாம், ஆதியாகமமும் ஏசாயாவும் கொஞ்சம் வாசித்த பிறகு.